செம்பனை வெற்றுக் குலையிலிருந்து மின்னணுப் பொருள் செய்ய முடியுமா?

முடியும். வெற்றுக் குலை என்பது எண்ணெய் எடுக்கப் பழத்தை உதிர்த்தபின் மிஞ்சும் நார்க்குலை. ஆனால் "மில்லில் வீணாகப் போகும் குலை நாரைச் செம்புக் கம்பிக்குப் பதிலாகப் பயன்படுத்தலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். அது நடக்காது. நார் மின்சாரத்தைக் கடத்தாது. கம்பியையும் சில்லையும் (சிப்) தாங்கும் தகடாக இருப்பதுதான் அதற்கு ஏற்ற வேலை.

நான் மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் பெஸ்தாரி ஜெயாக்காரி. வீட்டில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வோம். 1917இல் மலாயாவிலேயே முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் எங்கள் பக்கம்தான். அப்பா மில்லில், ஆவியில் வெந்த குலையைச் சுழற்றிப் பழம் உதிர்க்கும் இயந்திரத்தில் இருந்தார். 100 டன் பழக்குலை உள்ளே போனால் சுமார் 20 டன் எண்ணெய் வரும். வெற்றுக் குலையும் ஏறக்குறைய அதே அளவு வெளியே வந்து விழும். இப்போது ஓர் ஆய்வுக்கூடத்தில் அந்த நாரோடுதான் என் வேலை.

நாரை நானோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக் கணக்கில், மெல்லிய இழையாகப் பிரித்துத்தான் தகடு செய்கிறோம். எல்லோரும் அந்த நானோ என்ற சொல்லைக் கேட்டு மிரள்கிறார்கள். உண்மையில் பாடு முழுக்கக் கழுவுவதில்தான். குலையைப் பிய்த்தால் விரலில் குத்தும், உள்ளங்கையில் எண்ணெய் பிசுபிசுக்கும். வெந்நீரும் சோப்பும் போட்டு அலசினாலும் மேலே மினுமினுப்பாக ஒரு படலம் மிதக்கும். அப்புறம் காஸ்டிக் சோடாவில் வேக வைத்தால் நாரை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் கரைந்து தண்ணீர் கோப்பி ஓ மாதிரி கறுத்துவிடும். நாரின் குழிகளில் பதிந்திருக்கும் சிலிக்கா மணிகள் லேசில் வராது. வெளுத்து முடித்தபின் ஈரப் பஞ்சு போல வெள்ளையாகக் கையில் நிற்பதுதான் செல்லுலோஸ். காய்ந்த நாரில் அது ஏறக்குறைய 40 விழுக்காடு.

அதை நானோ இழையாகப் பிரிக்க, டோக்கியோ பல்கலைக்கழகத்தின் அகிரா இசோகாய் குழு வளர்த்த டெம்போ (TEMPO) என்ற வேதி முறை கைகொடுக்கிறது. 3, 4 நானோமீட்டர் தடிமனில் இழை கிடைக்கும். அதை வடிகட்டி உலர்த்தினால் கண்ணாடி போலத் தெளிந்த தாள். சூடு பட்டால் பிளாஸ்டிக் விரியும் அளவுக்கு இது விரியாது. அதனால் மேலே அச்சடித்த மின்கோடுகள் அறுபடுவதில்லை. ஈரம்தான் இதன் எதிரி. 2015இல் அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தார் மர இழைத் தகட்டில் சில்லு செய்தபோது, ஈரம் ஏறாமலிருக்க எப்பாக்சி என்ற பிசினைப் பூசினார்கள். வேலை முடிந்த அந்தச் சில்லைப் பூஞ்சையிடம் விட்டால் தகட்டைத் தின்றுவிடும். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. மழைக்குப் பின் குலைக் குவியலில் முளைக்கும் காளானை அம்மா பறித்து வந்து பிரட்டல் வைப்பார்.

"வீண்" என்ற சொல்லும் எனக்கு உறுத்துகிறது. வெற்றுக் குலையை மரத்தடியில் பரப்புகிறார்கள். அதிலுள்ள பொட்டாசியம் மண்ணுக்குத் திரும்புகிறது. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனால் தோட்டம் அதற்கு உரம் வாங்கியாக வேண்டும்.

தொழிலாகச் செய்யும் எண்ணம் இருந்தால், முதல் கழுவலையும் பிழிந்து உலர்த்துவதையும் மில் பக்கத்திலேயே வையுங்கள். குலையின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். அதை லாரியில் ஏற்றிப் பணம் கட்டாதீர்கள். காஸ்டிக் சேருமுன் வரும் அந்த முதல் தண்ணீரில் பொட்டாசியம் நிறையக் கரைந்திருக்கும். எண்ணெயை வழித்துவிட்டு அதைத் தோட்டத்துக்கே பாய்ச்ச வழி பாருங்கள்.