'தோர்: ரக்னராக்' நல்ல படமா, வெறும் சிரிப்புப் படமா?

நல்ல படம்தான், ஆனால் சில இடங்களில் அந்தச் சிரிப்பே படத்தைக் கெடுக்கிறது. முதல் இரண்டு படங்களில் விறைப்பாகத் திரிந்த மார்வெல் சூப்பர்ஹீரோ தோரை, 2017-இல் இயக்குநர் டைக்கா வைடிடி சுத்தியலை நொறுக்கி, முடியை வெட்டி, சக்கார் கிரகத்து அரங்கில் நிறுத்தினார். எதிரே அவெஞ்சர்ஸ் கூட்டாளியான பச்சை ராட்சசன் ஹல்க் வந்ததும் பயப்படாமல், கூட வேலை பார்த்தவரைக் கண்டதுபோல் துள்ளுவாரே, அந்த ஒரு காட்சிக்கே டிக்கெட் காசு சரி.

அப்புறம் வில்லி ஹெலா, தோரின் அக்கா. கேட் பிளாஞ்செட் மிரட்டுகிறார், ஆனால் கதை அடிக்கடி சக்காருக்கே ஓடிவிடுகிறது. வந்த வேகத்தில் தோரின் பழைய நண்பர்கள் வோல்ஸ்டாக்கையும் ஃபேண்ட்ராலையும் கொல்கிறாள், தோர் அவர்களைப் பற்றிக் கேட்பதுகூட இல்லை. தோரின் சொந்த உலகமான அஸ்கார்ட் கண்முன்னே அழியும்போது நமக்குத் தொண்டை அடைக்க வேண்டாமா? அங்கேயும் தோரின் கல் உடம்புத் தோழன் கோர்க் ஒரு ஜோக்கைப் போட்டுவிடுகிறான்.