பதினோராம் நாளில் நின்றுபோகும் நாவல்

கேள்வி: சிங்கப்பூரில், ஈசூனில் வசிக்கிறேன். மருத்துவமனையில் தாதி வேலை. காலை, பிற்பகல், இரவு என்று ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும். மகன் தொடக்கநிலை நான்கில் படிக்கிறான். செம்பவாங் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த என் தாத்தாவை வைத்து நாவல் எழுத வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஒரே மாதத்தில் முதல் வரைவை முடித்துவிடலாம் என்று மூன்று நவம்பர்களில் உட்கார்ந்தேன். மூன்று முறையும் பத்துப் பதினோரு நாளில், 12,000 சொல்லை ஒட்டி நின்றுபோனது. எனக்கு ஊக்கம் போதவில்லையா, இல்லை எழுத்தே வராதா? நான்காவது முறையும் முயலலாமா? மூன்றாம் முறை எழுதியதில் கடைசி இரண்டு பக்கங்களை இணைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகி, ஈசூன்

பதில்: அன்புச் சகோதரி, தாராளமாக முயலலாம். எழுத்து வராதவரால் ஒரு தடவைகூட 12,000 சொல் எழுத முடியாது. நீங்கள் மூன்று தடவை எழுதியிருக்கிறீர்கள்.

மூன்று முறையும் ஒரே இடத்தில் நின்றிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். சோம்பல்தான் காரணம் என்றால் ஒருமுறை மூன்றாம் நாளிலும் இன்னொருமுறை இருபதாம் நாளிலும் நின்றிருக்கும். முதல் பத்து நாள் நாம் கைச்சரக்கை வைத்து எழுதுகிறோம். பாட்டி சொன்ன கதைகள், பல வருடமாக மனத்தில் ஓடிய முதல் காட்சி, தாத்தாவின் நடை, அவர் சைக்கிள், அந்தக் காலத்துக் குடியிருப்பு. இதெல்லாம் ஏறக்குறைய 10,000, 12,000 சொல்லில் தீர்ந்துவிடும். பதினோராம் நாள் உட்காரும்போது அடுத்து என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியாது. தெரியாத இடத்தில் கை ஓடாது. அதைத்தான் ஊக்கம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறோம்.

நீங்கள் அனுப்பிய பக்கங்களிலேயே இது தெரிகிறது. பிரிட்டிஷ் படை வெளியேறப் போகிறது என்ற அறிவிப்பு 1968 ஜனவரியில் வருகிறது. நீங்கள் எழுதியிருப்பது: ‘செய்தியைக் கேட்டுத் தாத்தா மிகவும் வேதனைப்பட்டார். எதிர்காலம் இருண்டுவிட்டதாக அவருக்குத் தோன்றியது.’ இந்த இரண்டு வாக்கியத்துக்குப் பிறகு யாராலும் மேலே எழுத முடியாது. வேதனை என்று சொல்லி முடித்தாகிவிட்டது. யாரும் எதையும் செய்யவில்லை, யாருக்கும் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அதே இடத்தை ஒரு சின்ன அட்டையில் நான்கு வரியாக எழுதிப் பாருங்கள். யார்: தாத்தா. என்ன வேண்டும்: மூத்த மகளின் கல்யாணம் முடியும்வரை செய்தி வீட்டுக்குத் தெரியக்கூடாது. யார் குறுக்கே: மகன், தேநீர்க் கடை வானொலியில் கேட்டுவிட்டு ஓடி வருகிறான். முடிவில் என்ன மாறும்: மகனும் பொய்யில் பங்காளியாகிறான். இப்போது எழுதினால் இப்படி வரும்:

‘சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “சாப்பாடு எடுத்து வைக்கவா?” என்றாள் மனைவி. “தம்பி வரட்டும்.” வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. எழுந்து போய் அவனை வெளியிலேயே மறித்தார்.’

கல்யாணம் என்பது நாமாகச் சேர்த்த கற்பனைதான், உங்கள் குடும்பக் கதையில் அது வேறாக இருக்கலாம். ஆனால் அவர் வாசலில் மறித்ததுமே அடுத்த காட்சி தானாகப் பிறந்துவிட்டதைப் பாருங்கள். அந்தப் பையன் என்ன சொல்வான்? அம்மா எப்போது கண்டுபிடிப்பாள்? பதினோராம் நாளுக்குத் தேவையான சரக்கு இதுதான்.

எழுதத் தொடங்குவதற்கு முந்தைய வாரம் இப்படிப் பன்னிரண்டு அட்டை போட்டு வையுங்கள். ஒரு காட்சிக்குச் சராசரி 1,000 சொல் என்றால் 30,000 சொல்லுக்கு முப்பது காட்சி வேண்டும். முப்பதையும் முன்கூட்டியே போடாதீர்கள். பாதி வழியில் பாத்திரங்கள் வேறு பக்கம் திரும்புவார்கள்; அப்போது மீதி அட்டைகளைக் காப்பாற்றுவதற்காக அவர்களை இழுத்துப் பிடிக்கத் தோன்றும். வாரத்துக்கு ஒரு நாள் அரைமணி நேரம் உட்கார்ந்து அடுத்த ஏழு அட்டையைப் போட்டால் போதும். அந்த அரைமணியில் ஒரு வரிகூட நாவல் எழுதவேண்டாம்.

அது என்ன 30,000 கணக்கு என்று கேட்பீர்கள். மாதத்துக்கு 50,000 சொல், நாளுக்கு 1,667 என்பது ஆங்கிலக் கணக்கு. 1999-இல் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் 21 பேர் விளையாட்டாகத் தொடங்கிய, நவம்பரில் நாவல் எழுதும் நானோரைமோ இயக்கம் பரப்பியது. (அதை நடத்திய நிறுவனம் 2025-இல் மூடப்போவதாக அறிவித்துவிட்டது, பழக்கம் மட்டும் நிற்கிறது.) ‘ஷி வாஸ் கமிங் ஃப்ரம் த ஹவுஸ்’ என்று ஆங்கிலத்தில் ஆறு சொல்லில் சொல்வதை நாம் ‘வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தாள்’ என்று இரண்டே சொல்லில் முடிக்கிறோம். எல்லா வாக்கியமும் இவ்வளவு சுருங்காது என்றாலும், தமிழில் 50,000 என்று இலக்கு வைப்பவர் ஆங்கிலத்தில் எழுதுபவரைவிட நிறையவே கூடுதலாக எழுதவேண்டியிருக்கும். தமிழுக்கு 30,000 நியாயமான அளவு. பக்கத்துக்கு 200 சொல் என்று அச்சிட்டால் 150 பக்கப் புத்தகம். ‘வந்து கொண்டிருந்தாள்’ என்று பிரித்து அடித்தால் கணினி இரண்டாக எண்ணும், சேர்த்து அடித்தால் ஒன்றாக எண்ணும். உங்களுக்குப் பழகியபடியே அடியுங்கள். எண்ணிக்கைக்காகப் பிரிக்கத் தொடங்கினால் பிறகு திருத்தும்போது கண்ணீர்தான்.

நவம்பரையும் விட்டுவிடுங்கள். அந்த இயக்கமே முதல் வருடம் ஜூலையில்தான் நடந்தது. அங்கே நவம்பரில் வானிலை மோசம், வீட்டுக்குள் அடைந்துகிடந்து எழுதலாம் என்று மறுவருடம் மாற்றிக்கொண்டார்கள். நமக்கு அந்தக் காரணம் கிடையாது. தீபாவளி நவம்பரிலோ அதற்குச் சற்று முன்போ வரும். பலகாரமும் விருந்தாளிகளும் ஓய்ந்து நிமிர்வதற்குள் பள்ளி ஆண்டிறுதி விடுமுறை தொடங்கி மகன் நாள்முழுக்க வீட்டில் இருப்பான். உங்களுக்கு மே மாதம் பொருந்தும் என்று படுகிறது. அரையாண்டுத் தேர்வை எல்லா வகுப்புக்கும் எடுத்துவிட்டார்கள், ஜூன் விடுமுறையும் மாதக் கடைசிவரை தொடங்கியிருக்காது. ஆனால் மாதத்தைவிட உங்கள் ஷிஃப்ட் அட்டவணைதான் முக்கியம். அது கையில் கிடைத்த பிறகு, இரவு வேலை குறைவாக உள்ள முப்பது நாளைப் பொறுக்குங்கள். ஒன்றாம் தேதிதான் தொடங்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

முப்பதில் ஐந்து நாளை இப்போதே விடுமுறையாக எழுதிவிடுங்கள். இரவு வேலை முடித்து வரும் நாள்கள் அதில் வரட்டும். அன்று எழுத முயன்று, தூக்கத்தில் நான்கு வரி அடித்து, அதைப் படித்து நொந்து, மறுநாளையும் கெடுத்துக்கொள்வதே வழக்கமாக நடப்பது. மீதி 25 நாள், நாளுக்கு 1,200 சொல். ‘தினமும் இரவு ஒன்பது மணி’ என்ற ஏற்பாடு ஷிஃப்ட் வேலைக்காரருக்கு நான்கு நாள்கூட நிலைக்காது. மணியோடு கட்டாமல் செயலோடு கட்டுங்கள்: எழுந்து கோப்பி குடித்ததும் முதல் வேலை, அது காலை ஆறானாலும் பகல் பதினொன்றானாலும்.

உங்கள் வேகம் என்ன என்று தொடங்குமுன் அளந்துகொள்ளுங்கள். 15 நிமிடம் கடிகாரம் வைத்து, பின்னால் போய்த் திருத்தாமல் ஒரு காட்சி எழுதி, எண்ணுங்கள். 200 சொல் வந்தால் நாளுக்கு ஆறு அமர்வு, அதாவது ஒன்றரை மணி. 120 சொல்தான் வந்தால் பத்து அமர்வு, இரண்டரை மணி ஆகும். வேலைக்கும் பிள்ளைக்கும் நடுவில் அது முடியாது. அப்படியானால் இலக்கை நாளுக்கு 800 ஆக்குங்கள். 25 நாளில் 20,000, நல்ல குறுநாவல். ஆறு அமர்வையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. எம்ஆர்டியில் வேலைக்குப் போகும்போது கைப்பேசியில் ஒன்று, உணவு இடைவேளையில் ஒன்று என்று பிரிக்கலாம். கைப்பேசியிலும் கணினியிலும் ஒரே விசைப்பலகை அமைப்பு இருக்கட்டும். ஆங்கில ஒலிப்புமுறையில் பழகியவர் தமிழ்99-க்கு மாறுவது நல்லதுதான், ஆனால் இந்த முப்பது நாளில் மாறாதீர்கள். விரல் தேடும் நேரத்தில் வாக்கியம் கலைந்துவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் கைப்பேசியில் திறக்கும்போது வெறும் குப்பையாகத் தெரியும், ஒருங்குறியில் (யூனிகோட்) மட்டும் அடியுங்கள். அன்றன்றைக்கு எழுதியதை உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள்.

நாள் தவறும், கட்டாயம் தவறும். அப்போது பலரும் செய்யும் பெரிய பிழை, விட்டதை ஒரே நாளில் பிடிக்கப் பார்ப்பது. பத்து எழுத்து நாள் முடிந்தும் 12,000-க்குப் பதில் 9,000-தான் இருக்கிறது என்று வையுங்கள். விட்ட 3,000-ஐச் சனிக்கிழமையே எழுதிவிடுகிறேன் என்று உட்கார்ந்தால் அது பதினைந்து அமர்வு, ஏறத்தாழ நான்கு மணி நேரம். முடியாது. முடியாததால் ஞாயிற்றுக்கிழமை கணினியையே திறக்கமாட்டீர்கள். மீதியை மீதி நாளால் வகுங்கள்: 21,000 சொல், 15 நாள், நாளுக்கு 1,400. அன்றாடம் ஒரே ஒரு அமர்வு கூடுதல், அவ்வளவுதான்.

எழுதி முடிக்கும்போது காட்சியை முடித்துவிட்டு எழாதீர்கள். 1,200 வந்ததும் வாக்கியத்தின் நடுவிலேயே விடுங்கள். ‘எழுந்து போய் அவனை’ என்று நிறுத்தினால் மறுநாள் முதல் சொல் காத்துக்கொண்டிருக்கும், கை சூடாகிவிடும். அத்தியாயம் முடித்த திருப்தியோடு எழுந்தால் மறுநாள் வெறும் பக்கத்துக்கு முன்னால் உட்காரவேண்டும். முந்தைய நாள் எழுதியதில் கடைசிப் பத்து வரிக்கு மேல் படிக்கவும் வேண்டாம். படித்தால் திருத்தத் தோன்றும். திருத்தினால் அன்றைய ஒன்றரை மணி போச்சு.

தாத்தாவும் பாட்டியும் வீட்டுத் தமிழில் பேசுகிறார்களா, எழுத்துத் தமிழிலா, நடுவே மலாய்ச் சொல் எவ்வளவு வரலாம் என்பதை முதல் நாளே முடிவுசெய்து அட்டையில் எழுதி ஒட்டுங்கள். உங்கள் இரண்டு பக்கத்திலேயே பாட்டி ஓரிடத்தில் ‘வாங்க’ என்கிறார், இன்னோரிடத்தில் ‘வாருங்கள்’ என்கிறார். இப்படி ஒவ்வொரு வரியிலும் நின்று யோசிப்பது நேரத்தைத் தின்னும்.

அதைவிட அதிகம் தின்பது தகவல் தேடல். உங்களைப் போல வரலாறு எழுதுபவருக்கு இதுதான் பெரிய பொறி. கப்பல் பட்டறைச் சம்பளம் எத்தனை வெள்ளி என்று பார்க்கப் போனால், இரண்டு மணி நேரம் கழித்து வேறு ஏதோ ஒரு பழைய விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். தெரியாத இடத்தில் @@ என்று இரண்டு குறி போட்டுவிட்டு நகருங்கள்: ‘அந்த வாரக் கூலி @@ வெள்ளி.’ முப்பது நாளும் தேடல் கிடையாது.

வீட்டில் கதையைச் சொல்லாதீர்கள். எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள். வாயால் சொல்லித் தீர்த்த காட்சியை எழுத மனம் வராது. குளிர்பெட்டிக் கதவில் 25 கட்டம் வரைந்து, அன்றைய எண்ணை மகன் கையால் எழுதச் சொல்லுங்கள், அவன் விடமாட்டான்.

நான்காவது முறை எங்கிருந்து தொடங்குவது? முதல் அத்தியாயத்திலிருந்து மட்டும் வேண்டாம். அதை மூன்று தடவை எழுதியாகிவிட்டது, நான்காவதாக எழுதினாலும் அதே கைச்சரக்கு, அதே பதினோராம் நாள். பழைய கோப்புகளை ஒரு உறையில் போட்டு மூடிவிட்டு, 1968 ஜனவரியில் தாத்தா வாசலுக்கு எழுந்துபோகும் இடத்திலிருந்து 1971 அக்டோபர் இறுதியில் படை விலகி முடியும் வரை எழுதுங்கள். அதற்கு முந்தைய கதையில் எது தேவை என்பது 30,000-ஆவது சொல்லில் உங்களுக்கே தெரியும். பழைய 36,000 சொல்லிலிருந்து அதை மட்டும் எடுத்து முன்னால் சேர்க்கலாம்.

முடிந்ததும் மூன்று வாரம் தொடாதீர்கள். பிறகு கணினியில் @@ என்று தேடி, அந்த இடங்களை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். தேசிய நூலகத்தின் இணைய நாளிதழ்த் தொகுப்பில் பழைய தமிழ் முரசு இதழ்கள் இருக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979 முதல் பதிவுசெய்துவரும் நேர்காணல்களில் தமிழில் பேசியவர்களும் இருக்கிறார்கள். ஓய்வு நாள் ஒன்றில் அந்தத் தாளோடு விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தின் லீ கொங் சியன் மேற்கோள் பிரிவுக்குப் போய், வார்த்தைக்கு வார்த்தை தேடாமல், தாளில் உள்ளதை மட்டும் நிரப்பிக்கொண்டு வாருங்கள்.