டீச்சர் பதில்கள்: திங்கட்கிழமை வயிற்றுவலி

கேள்வி: டீச்சர், என் மகள் இங்கே ஒரு தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. திங்கட்கிழமை ஆனால் டெஸ்ட். ஞாயிறு சாயங்காலமே வயிறு வலிக்கிறது என்று சுருண்டுகொள்கிறாள், டாக்டர் ஒன்றுமில்லை என்றுவிட்டார். வகுப்பில் மார்க்கைச் சத்தமாகப் படித்து, குறைந்தவர்களை நிற்க வைக்கிறார்களாம். பத்துக்கு நாலு வாங்கிய பேப்பர் பையின் அடியில் கிடந்தது. பள்ளியில் கேட்டால், "இப்பவே பழகட்டும்" என்கிறார்கள்.
- ஒரு அம்மா, குடியாத்தம்

பதில்: முதலில் அந்த வலியை நம்புங்கம்மா. பயத்தில் குழந்தைக்கு நிஜமாகவே வயிறு வலிக்கும். "இப்பவே பழகட்டும்" என்கிறார்களே, உங்கள் மகள் இதுவரை பழகியிருப்பது பேப்பரை ஒளிக்க மட்டும்தான்.

நாலு மார்க் என்பதை வைத்துக்கொண்டு அந்த டீச்சர் என்ன செய்யப் போகிறார்? 42இல் 17 போனால் 35 என்று ஒரு பிள்ளை எழுதினால் அது கவனக்குறைவு இல்லை, இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டது, அவ்வளவுதான். பத்துப் பத்தாகக் கட்டிய நாலு கட்டுக் குச்சியும் இரண்டு உதிரிக் குச்சியும் கொடுத்து ஒரு கட்டைப் பிரிக்க விட்டால் தானே பிடித்துக்கொள்ளும். சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டால் இதெல்லாம் எப்படித் தெரியும்?

இத்தனைக்கும், மார்க் போடாமல் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லித் தருவது நம் மாவட்டத்தில் புதுசு இல்லை. 1990களில் வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்காக வேலூர் மாவட்டத்தில் நடந்த பள்ளிகளில், ஆந்திராவின் ரிஷி வேலி பள்ளியில் பார்த்து வந்த அட்டை முறையைத்தான் கொண்டுவந்தார்கள். அதுவே பிறகு செயல்வழிக் கற்றல் என்று 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்குப் போய், சில வருடங்களில் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. ஏணிப்படி மாதிரி அட்டைகள், நடுநடுவே மதிப்பீட்டு அட்டையும் வரும், அது டெஸ்ட் என்றே பிள்ளைக்குத் தெரியாது. வரவில்லையா, இன்னும் கொஞ்சம் பயிற்சி, அப்புறம் அடுத்த படி. 2022இல் அரசுப் பள்ளிகளுக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துத்தான் பாடம். (அதிலும், "அரும்புப் பசங்கள்லாம் இந்தப் பக்கம் வாங்க" என்று கூப்பிட்டால் பழைய ரேங்க்தான், பேர் மட்டும் பூ.)

வீட்டில் பேப்பர் வந்ததும் மார்க்கைக் கேட்காதீர்கள், பெரியம்மா பையன் எவ்வளவு என்று விசாரிக்கவே விசாரிக்காதீர்கள். தப்பான ஒரே ஒரு கணக்கை, "எனக்குச் சொல்லிக் குடு" என்று அவளையே டீச்சராக்கிப் போடச் சொல்லுங்கள், எங்கே வழி தவறுகிறாள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பள்ளிக்குத் தனியாகப் போகாமல் இரண்டு மூன்று அம்மாக்களாகப் போய், மார்க்கைச் சத்தமாகப் படிக்க வேண்டாம், நிற்க வைக்க வேண்டாம் என்று மட்டும் கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, 17ஆவது பிரிவு, அடிப்பதை மட்டுமில்லை, மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. ஆனால் எடுத்த எடுப்பில் சட்டம் பேசாதீர்கள், நாளைக்கும் உங்கள் மகள் அதே வகுப்பில்தான் உட்காரணும்.

கேள்வி: ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். ஒரு பையன் கேள்வி கேட்டால் வாயே திறப்பதில்லை. அவனை எப்படி மதிப்பிடுவது?
- ஒரு ஆசிரியை, பேரணாம்பட்டு

பதில்: வீட்டில் உருதுவோ தெலுங்கோ பேசுகிறவனா, பார்த்தீர்களா? உங்கள் ஊரில் அதற்கு வாய்ப்பு அதிகம். அப்படியென்றால் அவனுக்கு வராதது உங்கள் கேள்வியாக இருக்கலாம், பதில் உள்ளேயே இருக்கும். எல்லார் முன்னாலும் எழுப்பிக் கேட்காமல், பக்கத்து வகுப்பிலிருந்து ஏழு சாக்பீஸ் வாங்கி வரச் சொல்லுங்கள். சரியாக ஏழு வந்தால் பதிவேட்டில் ஒரு டிக், அவனிடம், "தேங்க்ஸ்டா தம்பி". எட்டு வந்தாலும் அதே தேங்க்ஸ், எண்ணுவதை மட்டும் மறுநாள் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.