தேரூர்க் குளத்துக்கு எந்தக் கேமரா?

ஒளிப்படம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், வயது 63. தேரூரில் வசிக்கிறேன். நாள்தோறும் காலையில் குளக்கரையில் நடக்கும்போது கூழைக்கடாக்களையும் நாரைகளையும் தாழைக்கோழிகளையும் பார்க்கிறேன். கைப்பேசியில் எடுத்தால் அவை கடுகளவாகவே விழுகின்றன. என் தங்கை மகன் தன்னுடைய கேனன் 600டி கேமராவை (லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய டி.எஸ்.எல்.ஆர். வகை) 18–55 மி.மீ., 55–250 மி.மீ. ஆகிய இரண்டு லென்ஸ்களுடன் 15,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறான். “மாமா, இதன் சென்சார் பெரியது. எத்தனை வருடம் ஆனாலும் டி.எஸ்.எல்.ஆர். டி.எஸ்.எல்.ஆர்.தான்” என்பது அவன் கட்சி. நாகர்கோவிலில் விசாரித்த கடைக்காரரோ நிக்கான் பி950 கேமராவைக் கையில் கொடுத்து, 83 மடங்கு சூம் இருக்கும்போது பழையதற்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்கிறார். அதன் விலை பல மடங்கு அதிகம். பறவைகளோடு, சித்ரா பௌர்ணமியன்று கன்னியாகுமரிக் கடலில் எழும் நிலவையும், அதிகாலையில் வள்ளுவர் சிலையையும் எடுக்க ஆசை உண்டு. அதிக எடையைத் தூக்க இயலாது. எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் மருமகன் சொல்வதும் உண்மை, கடைக்காரர் சொல்வதும் உண்மை. முன்னவர் பக்கத்தில் நிற்கும் பொருளை மனத்தில் வைத்துப் பேசுகிறார். பின்னவர் தூரத்தில் நிற்கும் பொருளைப் பற்றிப் பேசுகிறார். ஆகவே கேமரா எந்த ஆண்டில் வந்தது என்பதை ஒதுக்கிவிட்டு, நீங்கள் எடுக்க விரும்பும் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

முதலில் சென்சார், அதாவது ஒளியைப் படமாகப் பதிவுசெய்யும் சில்லு. 2011-இல் வெளிவந்த 600டி கேமராவின் சென்சார் 22.3 மி.மீ. அகலமும் 14.9 மி.மீ. உயரமும் கொண்டது. 2020-இல் வந்த பி950-இன் சென்சார் ஏறக்குறைய 6.2 மி.மீ. அகலமும் 4.6 மி.மீ. உயரமும் உடையது, சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். பரப்பில் முன்னது பின்னதைப் போல 12 மடங்கு. லென்ஸின் துளை எண்ணும் (எஃப் எண்; அது சிறிதானால் துளை பெரிது) ஷட்டர் வேகமும் (ஒளி விழும் நேரம்) ஒன்றாக இருந்து, இரண்டிலும் ஒரே காட்சி படத்தை முழுமையாக நிரப்புமானால், பெரிய சென்சார் 12 மடங்கு ஒளியை வாங்கிக்கொள்ளும். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் சென்சார் தொழில்நுட்பம் எவ்வளவோ முன்னேறியிருந்தாலும் இந்த வேறுபாட்டை அது ஈடுகட்டிவிடவில்லை. உங்கள் மருமகனின் வாதத்துக்கு வலு இங்கேதான் இருக்கிறது.

ஆனால் “படத்தை நிரப்புமானால்” என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். குளத்தின் நடுவே, கரையிலிருந்து 150 மீட்டர் தூரத்தில், 1.3 மீட்டர் நீளமுள்ள ஒரு கூழைக்கடா மிதப்பதாக வைத்துக்கொள்வோம். 55–250 லென்ஸை 250 மி.மீ. வரை நீட்டி எடுத்தால், அதன் உருவம் சென்சாரில் 2.2 மி.மீ. நீளத்துக்கு விழும், அதாவது படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு. 18 மெகாபிக்சல் கேமராவாக இருந்தும், பறவையின் நீளத்துக்குக் கிடைப்பவை சுமார் 500 பிக்சல்கள்தான். மீதிச் சென்சார் முழுவதும் தண்ணீரையும் தாமரை இலைகளையும் பதிவுசெய்துகொண்டிருக்கும். பெரிய சென்சாருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதில் பெரும்பகுதியை வெட்டி எறிவதற்கு ஒப்பானது இது.

அதே பறவையை அதே இடத்திலிருந்து பி950-இன் முழு சூமில் எடுத்தால், அது படத்தின் பாதி அகலத்தைப் பிடித்துக்கொள்ளும். ஏறக்குறைய 2,300 பிக்சல்கள் கிடைக்கும். துளை சிறியதாகவும் பிக்சல்கள் மிக நுண்ணியதாகவும் இருப்பதால் ஒளி சற்றே சிதறி, அந்த 2,300-உம் உண்மையான நுணுக்கமாக இருக்காது. பாதியைக் கழித்துவிட்டாலும், பழைய கேமரா தருவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் எஞ்சும். அலகின் புள்ளிகளை எண்ணலாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் புள்ளிகள் இருப்பது தெரியும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு கணக்கு உண்டு. தூரத்திலுள்ள ஒரு பறவையிடமிருந்து எவ்வளவு ஒளி கேமராவுக்குள் வருகிறது என்பதைத் தீர்மானிப்பது சென்சாரின் அளவு அன்று. லென்ஸின் முன்வாசல் எவ்வளவு அகலம் என்பதே. 600டி-யின் லென்ஸில் 250 மி.மீ.-ஐ எஃப் 5.6-ஆல் வகுத்தால் அந்த வாசலின் அகலம் 45 மி.மீ. என வருகிறது. பி950-இன் முழு சூம் 2000 மி.மீ. என்று அறிவிக்கப்பட்டாலும் அது பழைய ஃபிலிம் அளவுக்கு மாற்றிச் சொல்லும் எண். லென்ஸின் உண்மையான குவியத்தூரம் (லென்ஸ் எவ்வளவு நெருக்கிக் காட்டும் என்பதைச் சொல்லும் எண்) 357 மி.மீ. அதை எஃப் 6.5-ஆல் வகுத்தால் 55 மி.மீ. எனவே எட்டத்தில் உள்ள பறவையைப் பொறுத்தவரை, சிறிய சென்சார் கொண்ட கேமராதான் ஒன்றரை மடங்கு அதிக ஒளியைச் சேகரிக்கிறது. இந்தக் கணக்கை மருமகனுக்கும் காட்டுங்கள்.

கடைக்காரரின் “83 மடங்கு” என்ற சொல்லுக்கும் ஒரு விளக்கம் தேவை. அது பொருளை 83 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் என்பதன்று. லென்ஸின் நீண்ட முனையைக் குறுகிய முனையால் வகுத்த ஈவு மட்டுமே. 2000-ஐ 24-ஆல் வகுத்துப் பாருங்கள், விடை வந்துவிடும்.

சிலைக்கு வருவோம். அங்கே தீர்ப்பு மாறுகிறது. பீடத்துடன் சேர்த்து 133 அடி உயரமுள்ள வள்ளுவர் சிலை கரையிலிருந்து ஏறக்குறைய அரைக் கிலோமீட்டரில் நிற்கிறது. 600டி கேமராவை நெடுக்குவாக்கில் பிடித்து, 250 மி.மீ.-இல் பார்த்தால் சிலை படத்தின் உயரத்தை ஏறத்தாழ நிரப்பிவிடும். வெட்டி எறிய ஒன்றுமில்லை என்பதால் பெரிய சென்சாரின் பயன் முழுவதும் கையில் கிடைக்கிறது. விடியலுக்கு முன் வானம் சிவக்கும் நேரத்தில், கருமையான பாறையையும் வெளிச்சமான வானத்தையும் ஒரே படத்தில் பிடிக்க பழைய டி.எஸ்.எல்.ஆரே மேல்.

நிலவோ மீண்டும் எதிர்ப்பக்கம். நிலவின் உருவம் சென்சாரில் விழும் அளவு, குவியத்தூரத்தைத் தோராயமாக 110-ஆல் வகுத்தால் கிடைக்கும். 600டி-யில் அது 2.3 மி.மீ.; படத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. பி950-இல் 3.2 மி.மீ.; படத்தின் உயரத்தில் பத்தில் ஏழு பங்கு. நிலவின் பள்ளங்களைக் காண வேண்டுமானால் பிந்தையதே. ஆனால் சித்ரா பௌர்ணமியன்று கடல் மட்டத்தில் எழும் நிலவு மங்கலாக, செம்மையாக, நீராவியில் நெளிந்துகொண்டிருக்கும். அப்போது எந்தக் கேமராவிலும் பள்ளங்கள் தெரியா. அது சற்று மேலேறும்வரை, கடலும் படகுகளும் சேர்ந்த அகலமான படத்தை எடுத்துக்கொண்டிருங்கள்.

பறக்கும் பறவைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வாங்கிய பிறகு முதலில் வருந்துவது அதற்காகத்தான். பி950-இன் முழு சூமில் படத்தின் அகலம் வானத்தில் ஒரு பாகை மட்டுமே. அந்தச் சிறு சாளரத்துக்குள், மணக்குடிக் காயலின் மேல் பறக்கும் ஓர் ஆலாவைக் கொண்டுவருவதற்குள் அது கடலுக்கே போய்விடும். பக்கவாட்டில் உள்ள ஒரு பொத்தானை அழுத்தினால் சூம் தற்காலிகமாகப் பின்வாங்கி, பறவையைத் தேடியபின் விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்பும் வசதி உண்டு. அது உதவும், ஆனால் உட்கார்ந்திருக்கும் பறவைக்கே அதிகம் உதவும். மேலும் தொடர்ச்சியாகச் சில படங்களை எடுத்தபின், அவற்றை அட்டையில் எழுதி முடிக்கும்வரை கேமரா காத்திருக்க வைக்கிறது. 600டி-யில் இந்தக் காத்திருப்பு இவ்வளவு இல்லை; கண்ணாடி வழியாகப் பறவையை நேரடியாகப் பார்க்கலாம். குவியமும் விரைவாகப் பிடிக்கும். செம்பருந்து மீனைத் தூக்கும் காட்சியே உங்கள் கனவு என்றால், மருமகனிடம் வாங்குங்கள்.

எடையில் இரண்டும் ஒன்றே எனலாம். 600டி உடல் 570 கிராம், 55–250 லென்ஸ் 390 கிராம், கூட்டினால் 960. பி950 ஒரு கிலோவுக்குச் சற்று மேல். டி.எஸ்.எல்.ஆரில் 150–600 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால் பி950-ஐப் பறவைகளிலும் வென்றுவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த லென்ஸ் மட்டுமே இரண்டு கிலோவை ஒட்டி எடையுள்ளது. நீங்கள் அதைக் கேட்கவில்லை.

எனவே, நாள்தோறும் நீங்கள் காண்பது குளத்துப் பறவை, அதுவும் உட்கார்ந்திருக்கும் பறவை என்பதால், பி950-ஐ வாங்கலாம் என்பதே என் கருத்து. பணம் கொடுக்குமுன், மருமகனின் கேமராவை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு இரவல் வாங்கிக் குளக்கரைக்குக் கொண்டுசெல்லுங்கள். பறவைகள் உங்களுக்குப் போதிய அளவு பெரிதாக விழுந்தால் பெரும் தொகை மிச்சம். விழாவிட்டால், அருகில் செல்வதற்காகத் தண்ணீரில் இறங்கும் ஆசை மட்டும் வேண்டா. சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம் 2022 முதல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் உள்ளது. கூட்டத்தைக் கலைத்து எடுக்கும் படம் அதற்குப் பெருமை சேர்க்காது.

வாங்கியபின் மூன்று பழக்கங்கள் போதும். ஐ.எஸ்.ஓ. எண்ணை (கேமராவின் ஒளியுணர்வு அளவு) இயன்றவரை 400-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் இறகுகள் சாயம் பூசியதுபோல் ஆகிவிடும். கேமராவைக் கையில் தாங்காமல் மதகுச் சுவரிலோ முக்காலியிலோ ஊன்றுங்கள். வெயில் ஏறியபின் தண்ணீர்மேல் கானல் நெளியத் தொடங்கிவிட்டால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள், 2000 மி.மீ.-இல் நீங்கள் எடுப்பது பறவையை அன்று, இடையிலுள்ள காற்றை.

கேள்வி: சென்ற ஆண்டு கேனன் எஸ்எக்ஸ்70 சூப்பர்சூம் வாங்கினோம். பகலில் படங்கள் நன்றாகவே உள்ளன. ஆனால் எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடை விழாவில் இரவில் எடுத்த படங்களில் பிள்ளைகளின் முகங்கள் மெழுகுப் பொம்மைகள்போல் இருக்கின்றன. என் கொழுந்தனாரின் பழைய டி.எஸ்.எல்.ஆரில் அதே இடத்தில் எடுத்தவை தெளிவாக உள்ளன. எங்கள் கேமராவில் கோளாறா? (தக்கலை வாசகி)

பதில்: கோளாறு எதுவுமில்லை. மேலே ஆசிரியருக்குச் சொன்ன கணக்கு உங்களுக்குத் தலைகீழாகப் பொருந்துகிறது. பிள்ளைகள் உங்களுக்கு ஐந்தாறு அடி தூரத்தில் நிற்கிறார்கள். இரண்டு கேமராக்களிலும் அவர்கள் படத்தை நிரப்புகிறார்கள். எனவே பெரிய சென்சார் வெல்கிறது. சிறிய சென்சாரில் விழும் குறைந்த ஒளியால் மணல் தூவியதுபோல் புள்ளிகள் வருகின்றன. அவற்றை அழிக்க முயலும் கேமரா, தோலின் நுணுக்கத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடுகிறது. மெழுகுத் தோற்றத்துக்கு அதுவே காரணம்.

உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கூட்டத்துக்குப் பின்னால் நின்று சூம் செய்யாதீர்கள். உங்கள் லென்ஸின் துளை அகலமான முனையில் எஃப் 3.4, முழு சூமில் எஃப் 6.5. சூமை நீட்ட நீட்ட, உள்ளே வரும் ஒளி நான்கில் ஒரு பங்கை நோக்கிக் குறைகிறது. சூமைச் சுருக்கிவிட்டு முன்னால் செல்லுங்கள்.

கொடையும் வீட்டு விசேஷங்களும்தான் உங்களுக்கு முதன்மை என்றால், ஒரு பழைய டி.எஸ்.எல்.ஆர். உடலும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும் வாங்கிக்கொள்ளுங்கள். பத்மநாபபுரம் அரண்மனையின் மர மண்டபங்களைப் போன்ற அரையிருட்டில் அந்தச் சிறிய லென்ஸ் செய்வதை, அறுபத்தைந்து மடங்கு சூம் செய்யாது. எஸ்எக்ஸ்70-ஐ விற்க வேண்டாம். வட்டக்கோட்டை மதிலிலிருந்து கடலில் போகும் படகுகளைப் பார்க்க அது இருக்கட்டும்.

கேள்வி: வாங்க நினைக்கும் பழைய லென்ஸை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே சிலந்தி நூல்போல் தெரிகிறது. விற்பவர் தூசி என்கிறார். (குலசேகரம் வாசகர்)

பதில்: அது பூஞ்சை. தூசி புள்ளியாக இருக்கும். கிளைவிட்டு நூலாகப் படராது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில், அதுவும் ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த உங்கள் பகுதியில், பெட்டிக்குள் பூட்டிவைத்த லென்ஸுக்கு இது எளிதில் வரும். அதை விட்டுவிடுங்கள். கேமரா உடல் நன்றாக இருந்தால் உடலை மட்டும் வாங்கி, வேறு லென்ஸ் தேடலாம், டி.எஸ்.எல்.ஆரின் பெரிய சௌகரியம் அதுவே. பி950 போன்ற பிரிட்ஜ் கேமராவில் லென்ஸ் உடலோடு ஒட்டியது. அதனுள் பூஞ்சை வந்தால் மொத்தக் கேமராவையும் பிரித்தாக வேண்டும்.

வாங்கியதை, காற்றுப் புகாத நெகிழிப் பெட்டியில் சிலிகா ஜெல் பைகளோடு வையுங்கள். தோல் உறையில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். மாதம் இரண்டு முறையேனும் வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: நிக்கான் பி900 பழையது மலிவாகக் கிடைக்கிறது. பி950-க்கும் அதற்கும் சூம் அளவு ஒன்றுதானே? (முட்டம் வாசகர்)

பதில்: சூம் ஒன்றுதான். ஆனால் 2015-இல் வந்த பி900-இல் ரா கோப்பு (சென்சார் பதிவுசெய்ததைக் கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கும் கோப்பு) வசதி இல்லை, பி950-இல் உண்டு. கணினியில் படங்களைத் திருத்தும் பழக்கம் இல்லையென்றால் பி900 போதும். கடற்கரையில் பயன்படுத்திய கேமராவாக இருக்கக்கூடும் என்பதால், லென்ஸை முழுவதும் நீட்டிச் சுருக்கிப் பார்த்து, மணல் அரைபடும் ஓசை கேட்கிறதா என்று காதருகே வைத்துக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.