சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிய ஞாயிறு

வாசகர் கேள்வி – பதில்
பதில் எழுதுபவர்: கோபிசெட்டிபாளையத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை

கேள்வி: சென்ற ஞாயிறு காலை எட்டு மணிக்கு இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். மறுநாள் பள்ளி திறக்கப் போகிறது என்று மகன் முகத்தைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். அதைப் பார்த்த என் கணவர், "கிளம்புங்கள், மேட்டுப்பாளையம் தண்ணீர்ப் பூங்காவுக்குப் போய் ராட்டினம் ஏறிவிட்டு வரலாம்" என்றார். அரை மணி நேரத்தில் நால்வரும் காரில் இருந்தோம். நாள் முழுக்கத் தண்ணீரில் ஆடிவிட்டு, இரவு ஒன்பதரைக்கு வீடு திரும்பினோம். அன்றிலிருந்து மாமியார் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. "திட்டம் இல்லாமல் ஊர் சுற்றுகிற குடும்பம் உருப்படுமா?" என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார். நாங்கள் போனது தவறா? (வீட்டில் இரண்டு எருமை, ஒரு பசு உண்டு. சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறோம்.)
— ஒரு வாசகி, காங்கேயம்

பதில்: போனது தவறே இல்லை, அம்மணி. ஆனால் கடிதத்தின் கடைசியில் அடைப்புக்குள் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உங்கள் மாமியாரின் கோபம் முழுவதும் அந்த வரிக்குள்தான் இருக்கிறது. அன்று மாலை மூன்று மாட்டுக்கும் தவிடும் தண்ணீரும் வைத்தது யார்? கறந்தது யார்? சொசைட்டி மூடுவதற்குள் கேனைத் தூக்கிக்கொண்டு போனது யார்? கை மாறினால் எருமை பாலை அடக்கிக்கொள்ளும் என்பது உங்களுக்கே தெரியும். திட்டம் இல்லை என்று அவர் பக்கத்து வீட்டில் சொன்னார். தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதை வெளியில் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

அதற்காக, இனிமேல் திட்டம் போட்டுத்தான் போக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நம் பக்கத்தில் திட்டம் போட்டுக் காத்திருக்கிறவர்கள் கடைசிவரை வீட்டிலேயே இருக்கிறார்கள். தோட்டம் வைத்திருந்தால் தண்ணீர் முறை வரும். தறி வைத்திருந்தால் பாவு தீரும் நாள் வரும். பனியன் கம்பெனி என்றால் சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்க. இடையில் சீர், வளைகாப்பு, கிடாய் வெட்டு. வெறுமையான ஒரு நாள் தானாக வந்து வாசலில் நிற்காது. ஒருவர் எழுந்து "புறப்படுங்கள்" என்றால்தான் உண்டு.

என் தந்தையார் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல் வைத்திருந்தவர். களையெடுப்பு முடிந்த ஓர் ஆடி மாதக் காலையில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், எங்களை அந்தியூர் குருநாதசாமி கோவில் தேர்த் திருவிழாவுக்கு அழைத்துப் போனார். அந்தியூர் குதிரைச் சந்தையைப் பார்க்கத்தான் ஊரே திரளும். நாங்கள் குழந்தைகள் தொட்டில் ராட்டினத்தைத்தான் பார்த்தோம். நாலு மரத் தொட்டில், கையால் சுற்றுகிற ஆள் இருவர். அப்பா அம்மாவையும் ஏற்றிவிட்டார். தொட்டில் மேலே போனபோது அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அடுப்படியிலும் களத்திலும் பார்த்த அம்மாவிடம் அப்படி ஒரு சிரிப்பு இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. முன்கூட்டியே சொல்லியிருந்தால் கட்டுச்சோறு கட்டவும் துணி மடிக்கவும் முந்தின இரவெல்லாம் அவர்தான் விழித்திருப்பார். சொல்லாமல் கிளம்பியதால் அவருக்கும் அது விடுமுறை நாளாயிற்று. உங்கள் கணவர் இட்லிச் சட்டி முன்னால் நின்ற உங்களை அப்படிக் கிளப்பியதில் எனக்கு மெய்யாகவே மகிழ்ச்சி.

குறை என்று சொன்னால் இதுதான். கிளம்பிய அந்த அரை மணி நேரத்தில் இரண்டு வேலை பார்த்திருக்கலாம். பங்காளி வீட்டுக்கோ அடுத்த தோட்டத்துக்கோ போன் செய்து, "இன்று மாலைப் பாலை நீங்கள் கறந்து ஊற்றிவிடுங்கள், அடுத்த வாரம் உங்கள் மாட்டை நாங்கள் பார்க்கிறோம்" என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் மறுக்கிற ஊரா நம் ஊர்? இரண்டாவது, "அத்தை, நீங்களும் வாருங்கள்" என்று அழைத்திருக்கலாம். காங்கேயத்திலிருந்து திருப்பூர், அவிநாசி, கருவலூர், அன்னூர் வழியாகப் போகிற அந்த வழியில், அவிநாசியப்பரைக் கும்பிட்டுவிட்டுப் போவோம் என்றால் எந்த மாமியார் வர மாட்டார்? பூங்காவில் அவர் ஒன்றிலும் ஏற வேண்டியதில்லை. முழங்கால் அளவுத் தண்ணீரில் பேரப் பிள்ளைகளோடு நின்றாலே போதும்.

இப்போது செய்ய வேண்டியதையும் சொல்கிறேன். வருகிற ஞாயிறு மாலைப் பாலை உங்கள் கணவர் கறக்கட்டும். யோசனை அவருடையது, கேனும் அவர் கையில் இருக்கட்டும்.

கேள்வி: பூங்காவில் ஊஞ்சல் போல ஆடுகிற கொலம்பஸ் கப்பலில் உச்சியிலிருந்து இறங்கும்போது வயிறு கூசுகிறதே, ஏன்? கடைசி வரிசையில் உட்கார்ந்தால் இன்னும் அதிகமாகக் கூசுகிறது.
— ஒன்பதாம் வகுப்பு மாணவன், பெருந்துறை

பதில்: இந்தக் கேள்விக்காகவே உன்னைக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது, கண்ணு.

நம் எடையை நாம் உணர்வதே, தரையோ நாற்காலியோ நம்மை மேல் நோக்கித் தாங்குவதால்தான். கப்பல் உச்சிக்குப் போய்த் திரும்பும் நொடியில் இருக்கை உன்னோடு சேர்ந்து கீழே விழத் தொடங்குகிறது. தாங்குவது குறைகிறது. வயிற்றுக்குள் இரைப்பையும் குடலும் எப்போதும் கொஞ்சம் கீழ் நோக்கித் தொங்கிக்கொண்டிருப்பவை. அந்த இழுப்பு சட்டென்று தளர்ந்ததும் அவை இருந்த இடத்திலிருந்து லேசாக நகர்கின்றன. மூளைக்கு அந்தச் செய்திதான் கூச்சமாகப் போகிறது. கப்பலின் இரு முனைகளும் நடுப்பகுதியைவிட உயரமாகப் போய், செங்குத்தாக இறங்குகின்றன. அதனால்தான் கடைசி வரிசையில் அதிகம். பயப்படுகிற தங்கையை நடுவில் உட்கார வை.

வீட்டிலேயே இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கம் ஆணியால் ஓட்டை போட்டு, தண்ணீர் நிரப்பி, மூடாமல் பிடி. தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். மாடிப்படியில் ஏறி நின்று பாட்டிலைக் கீழே விடு. விழுகிற நேரம் முழுவதும் ஓட்டையிலிருந்து ஒரு சொட்டு வராது. தண்ணீரும் பாட்டிலும் ஒரே வேகத்தில் விழுவதால் ஒன்றை ஒன்று அழுத்துவதில்லை. கப்பலில் உன் வயிற்றுக்கு நடப்பதும் ஏறத்தாழ இதுதான்.

ரோலர் கோஸ்டரையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவற்றில் பெட்டிக்குள் எஞ்சினே கிடையாது. முதல் மேட்டுக்கு ஒரு சங்கிலி இழுத்துக்கொண்டு போகும். அப்போது கேட்கிற கடகட சத்தம், சங்கிலி அறுந்தாலும் பெட்டி பின்னால் சரியாமல் பற்களில் விழுந்து பிடித்துக்கொள்ளும் கொக்கியின் சத்தம். அது கேட்கும்வரை நிம்மதியாக இரு. உச்சி தாண்டியதும் வேலை எல்லாம் புவியீர்ப்பினுடையது. 20 மீட்டர் இறக்கம் இருந்தால், உராய்வை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டுப் பார், அடியில் மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வேகம் வரும். முதல் மேடு பொதுவாக மிக உயரமாக இருப்பதும் இதனால்தான். அங்கே சேர்த்த ஆற்றலைத்தான் கடைசிவரை செலவு செய்ய வேண்டும்.

மேட்டுப்பாளையம் போகிறாய் என்றால் இதே போன்ற பல்லை இன்னோர் இடத்திலும் பார்க்கலாம். 1899இல் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய மலை ரயில், கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பதித்த பல்சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறது. 12 அடிக்கு ஓர் அடி என்கிற அளவு ஏற்றத்தில் வெறும் சக்கரம் வழுக்கிவிடும்.

கேள்வி: பருத்திப் பனியன் தைத்துப் பிழைக்கிற ஊர் எங்களுடையது. தண்ணீர்ப் பூங்காவில் மட்டும் பருத்தி உடையோடு இறங்கக் கூடாது என்கிறார்கள். வாடகை உடைக்குக் காசு பிடுங்கத்தானே இது?
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: விதி நியாயமானது. பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். சறுக்கில் உங்களுக்கும் தளத்துக்கும் இடையே ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருப்பதால்தான் வழுக்கிக்கொண்டு போகிறீர்கள். நனைந்த பருத்தி அங்கே உராய்ந்து பிடிக்கும், நடு வழியில் நிற்பீர்கள், பின்னால் வருகிறவர் வந்து மோதுவார். நூல் பிரிந்து வடிகட்டியையும் அடைக்கும். சேலையும் துப்பட்டாவும் கூடவே கூடாது. எங்காவது மாட்டிக் கழுத்தை இறுக்கும்.

வாடகை உடை உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால், முழுக்கை வைத்த நைலான் உடை ஒரு ஜோடி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னலாடை ஊரில் அதற்கா பஞ்சம்? அது பையில் தயாராகக் கிடந்தால் எந்த ஞாயிறும் கிளம்பலாம். உடம்பு தெரியுமே என்கிற கூச்சத்தால் கரையில் கைப்பை காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்களை நான் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் தண்ணீரில் இறங்க வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொன்று. குளத்தில் இறங்குமுன் ஒருமுறை நன்றாகக் குளித்துவிட்டு இறங்குங்கள். கண் எரிச்சலுக்குக் குளோரின் மட்டும் காரணம் இல்லை. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகிற பொருள்தான் அந்த நெடிக்கும் எரிச்சலுக்கும் பெரும் காரணம். சிறுவர்களைக் கழிப்பறைக்கு அழைத்துப் போன பிறகே இறக்குங்கள்.

கேள்வி: சுற்றுகிற ராட்டினத்தில் ஏறி இறங்கினால் எனக்கு உலகமே சுற்றுகிறது, வாந்தியும் வருகிறது. வழி உண்டா?
— ஒரு வாசகர், உடுமலை

பதில்: உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் உள்ள திரவம், சுழற்றிவிட்ட டம்ளரை நிறுத்திய பிறகும் உள்ளே தண்ணீர் சுற்றுவதைப் போல, நீங்கள் நின்ற பிறகும் நகர்ந்துகொண்டிருக்கிறது. கண் "நின்றுவிட்டோம்" என்கிறது, காது "இல்லை" என்கிறது. அந்த முரண்பாடுதான் குமட்டல். ஏறும்போது வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கக் கூடாது, வெறும் வயிறும் கூடாது. இறங்கியதும் நடக்காமல் உட்கார்ந்து, அசையாத ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டிருங்கள். அப்படியும் வருகிறது என்றால் அந்த ராட்டினத்தை விட்டுவிடுங்கள். ஏறி நிரூபிக்க வேண்டியது எதுவும் இல்லை.

கேள்வி: என் தந்தைக்கு 68 வயது, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். பேரன் கூப்பிட்டால் எதிலும் ஏறிவிடுவார். விடலாமா?
— ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: வேகமாக விழுகிற, தலைகீழாகச் சுற்றுகிற எதிலும் விடாதீர்கள். இதய நோய், கழுத்து முதுகு வலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இதுதான். வாசலில் பலகையில் எழுதி வைத்திருப்பதைப் படித்துக் காட்டுங்கள். மெதுவாகச் சுற்றும் பெரிய ராட்டினம் பற்றி அவருடைய மருத்துவரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பேரனுக்கும் உயர அளவு பார்ப்பார்கள். "விட்டுவிடுங்கள் சார்" என்று அங்கே நிற்கிற பணியாளரிடம் கெஞ்சாதீர்கள். குறுக்கே விழுகிற கம்பி குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே உள்ள உடம்பைப் பிடித்து வைக்காது. வேண்டாம் என்று சொல்கிற அந்தப் பையன் உங்கள் பிள்ளையைக் காப்பாற்றுகிறான்.

கேள்வி: ராட்சத ராட்டினத்தைக் கண்டுபிடித்தது யார்?
— ஒரு வாசகர், கரூர்

பதில்: இரும்பில் மாபெரும் அளவில் முதலில் செய்து காட்டியவர் ஜார்ஜ் பெர்ரிஸ் என்கிற அமெரிக்கப் பாலப் பொறியாளர். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் நின்ற அந்த ராட்டினத்தின் உயரம் 264 அடி. 36 பெட்டி, பெட்டிக்கு 60 பேர், ஒரே நேரத்தில் 2,160 பேர். கட்டணம் 50 சென்ட். ஆனால் மரத்தில் சிறிய ராட்டினங்கள் அதற்கு மிக முன்பே உண்டு. இன்றைய பல்கேரியாவில் கண்டதாகப் பீட்டர் மண்டி என்ற ஆங்கிலப் பயணி 1620 வாக்கில் எழுதி வைத்திருக்கிறார். கரூர் மாரியம்மன் திருவிழாவில் நீங்கள் ஏறுவதும் அந்த வழியில் வந்ததுதான்.

கேள்வி: நால்வருக்கு நுழைவுக் கட்டணம், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் என் வாரச் சம்பளம் போய்விடும். வெளிச்சாப்பாட்டையும் உள்ளே விடுவதில்லை. எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது?
— ஒரு வாசகர், பல்லடம்

பதில்: கடன் வாங்கிப் போகாதீர்கள். சத்தியமங்கலம் பஸ்ஸைப் பிடித்துக் கொடிவேரிக்கு வாருங்கள். தடுப்பணையில் வழிந்து விழுகிற பவானித் தண்ணீரில் தலையைக் கொடுத்து நின்றால் பிள்ளைகள் வெளியே வர மறுப்பார்கள். பரிசல் உண்டு, பொரித்த மீன் உண்டு. ஆற்றில் தண்ணீர் அதிகம் திறந்துவிட்ட நாட்களில் குளிக்க விட மாட்டார்கள், அப்போது பவானிசாகர் அணைப் பூங்காவுக்குப் போய்விடுங்கள். ஆழமான பக்கம் நீந்திப் பார்க்கிற ஆசை மட்டும் வேண்டாம். உங்கள் பக்கம் என்றால் ஆழியாறு அணைப் பூங்கா, அமராவதி அணை முதலைப் பண்ணை. அரிசியும் பருப்பும் சாதம் கட்டிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட அங்கே யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

காசு சேர்ந்த பிறகு ஒருமுறை பெரிய பூங்காவுக்கும் போய் வாருங்கள். பிள்ளைகள் பார்த்திருக்க வேண்டியதுதான். கல்லூரி மாணவர்களுக்கும் குழுவாக வருபவர்களுக்கும் சலுகை தருகிற இடங்கள் உண்டு. கம்பெனியில் உடன் வேலை செய்யும் பத்துக் குடும்பமாகச் சேர்ந்து விசாரியுங்கள்.

கேள்வி: கூட்டத்தில் குழந்தை காணாமல் போய்விடுமோ என்கிற பயத்திலேயே எங்கும் போவதில்லை.
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: உள்ளே நுழைந்ததும், கைபேசியில் குழந்தையை அன்றைய உடையில் ஒரு படம் எடுங்கள். கண்ணைப் பறிக்கும் நிறத்தில் சட்டை போட்டு அழைத்து வாருங்கள். உங்கள் எண்ணை அழியாத மையில் அதன் முன்கையில் எழுதுங்கள். "தொலைந்தால் ஓடாதே, நின்ற இடத்திலேயே நில், சீருடை போட்டவரிடம் கையைக் காட்டு" என்று நான்கைந்து முறை சொல்ல வைத்துப் பழக்குங்கள். தண்ணீர் ஓரத்தில் மட்டும் இவை எதுவும் போதாது. பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில், கைபேசியைப் பையில் வைத்துவிட்டு, தண்ணீருக்குள்ளேயே நிற்க வேண்டும். யார் நிற்பது என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒருவர் என்று ஆள் மாற்றிக்கொண்டால் எல்லோரும் ராட்டினம் ஏறலாம்.