மாங்கொட்டையிலிருந்து மின்சாரம் சேமிக்கும் கரியைச் செய்ய முடியுமா?

கிருஷ்ணகிரியின் மாங்கூழ் ஆலைகள் ஒதுக்கும் தோலையும் கொட்டையையும் மின்சாரம் சேமிக்கும் கரியாக மாற்றலாம் என்கிறார்களே, அது உண்மையா, நம் ஊரில் நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். போச்சம்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்தவன் நான். வேதியியல் முதுகலைப் படிப்பின் ஆய்வுக்காக இந்தக் கொட்டையைத்தான் கரியாக்கிப் பார்த்தேன்.

இங்கே கூழுக்குப் போவது பெரும்பாலும் பெங்களூரா ரகம். கூழ் எடுத்தபின் பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் தோலும் கொட்டையுமாக மிஞ்சுகிறது. ஆனி மாதத்தில் ஒரு மழை பெய்துவிட்டால் அந்தக் குவியல் மறுநாளே புளித்து ஈ மொய்க்கும். அதிலிருந்து வடியும் நீர் ஓடையில் கலக்கும். சிறுவயதிலிருந்து இதைப் பார்த்து வந்த ஆற்றாமையே என்னை இந்த ஆய்வுக்குக் கொண்டுவந்தது.

கழிவு என்று மொத்தமாகச் சொன்னாலும், கரிக்கு ஏற்றது கொட்டையின் மேலோடு மட்டுமே என்பது என் கருத்து. செல்லுலோசும், மரத்துக்கு உறுதி தரும் லிக்னினும் நிறைந்த அந்த நார் மிகுந்த ஓடு காற்றில்லாத வெப்பத்தில் நல்ல கரியாகிறது. தோலில் பெரும்பகுதி தண்ணீர். அதைக் காயவைக்கும் செலவே கரியின் விலையைத் தின்றுவிடும். உள்ளே இருக்கும் பருப்பிலோ கொக்கோ வெண்ணெய்க்கு மாற்றாகப் பயன்படும் கொழுப்பு இருப்பதால், அதை எரிப்பது வீண்.

செய்முறையில் இரண்டு கட்டங்கள் உண்டு. காயவைத்து அரைத்த மேலோட்டை, நைட்ரஜன் ஓடும் குழாய் உலையில் 500 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டால் சாதாரணக் கரி கிடைக்கிறது. அதைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுடன் கலந்து 700 முதல் 800 டிகிரி வரை மீண்டும் சூடாக்கும்போது, அந்தக் காரம் கரியை அரித்து உள்ளுக்குள் எண்ணற்ற நுண்துளைகளைக் குடைகிறது. முதல் முறை நான் பீங்கான் மூசையில், அதாவது உலைக்குள் வைக்கும் சிறு கிண்ணத்தில், வைத்துச் சுட்டேன்; எடுத்துப் பார்த்தபோது மூசையின் உட்சுவர் சொரசொரவென்று அரித்துப்போய், அதன் தூள் கரியோடு கலந்திருந்தது. அதன்பின் நிக்கல் மூசைக்கு மாறினேன். உலையைவிட அதிக நேரம் எடுத்தது கழுவுதல்தான்: நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒருமுறை, பிறகு வடிநீரில் லிட்மஸ் தாள் நிறம் மாறாத நிலை வரும்வரை திரும்பத் திரும்ப. இந்த வினையில் ஹைட்ரஜனும் பொட்டாசிய உலோகமும் உண்டாவதால் இதை யாரும் வீட்டில் முயலக் கூடாது.

இப்படிச் செய்த நல்ல கரியின் ஒரு கிராமில் உள்ள துளைச் சுவர்களை எல்லாம் விரித்தால் 2000 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ அரை ஏக்கர் பரப்பு வரும். சூப்பர் கெப்பாசிட்டர் என்னும் மின்தேக்கியில், மின்பகு திரவத்தின் அயனிகள், அதாவது மின்னூட்டம் கொண்ட துகள்கள், இந்தச் சுவர்களின் மேல் படிந்து மின்னூட்டத்தைத் தாங்கி நிற்கின்றன. வேதிவினை நடப்பதில்லை என்பதால் நொடிகளில் ஏற்றி இறக்கலாம். பல லட்சம் முறை ஏற்றினாலும் அதிகம் தேய்வதில்லை. இதற்கான கரி இன்று பெருமளவில் தேங்காய்ச் சிரட்டையிலிருந்தே வருகிறது. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் துரியன், பலா ஆகிய பழங்களின் கழிவிலிருந்தும் இத்தகைய மின்தேக்கியைச் செய்து காட்டினார்கள்.

ஆனால் இது பேட்டரிக்கு மாற்று அல்ல. லித்தியம் அயனி பேட்டரி கிலோவுக்கு 150 முதல் 250 வாட்-மணி வரை சேமிக்கும்போது, சூப்பர் கெப்பாசிட்டர் பொதுவாக 5 முதல் 10 வாட்-மணியோடு நின்றுவிடுகிறது. ஷாங்காயில் 2006-ல் இவற்றைக் கொண்டு பேருந்துகள் ஓட்டியபோது நிறுத்தங்களிலேயே மின்னேற்ற வேண்டியிருந்தது அதனால்தான். பேட்டரிப் பக்கம் பார்த்தால், சோடியம் அயனி பேட்டரிக்கு வேறு வகைக் கரி தேவைப்படுகிறது. லித்தியம் பேட்டரியில் பயன்படும் அடுக்கு வடிவக் கரியான கிராபைட்டுக்குள் சோடியம் எளிதில் புகாது. ஒழுங்கற்ற அடுக்குகள் கொண்ட கடினக் கரியில் புகும். அதைச் செய்யக் காரம் வேண்டாம், 1000 டிகிரிக்கு மேல் வெப்பம் போதும் என்பதால், ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின் ஸ்கூட்டர் ஆலைகள் இருக்கும் நம் மாவட்டத்துக்கு இந்த வழியே கூடுதலாகப் பொருந்தும் என்று நம்புகிறேன்.

இங்கே நடக்குமா என்ற கேள்விக்கு விடை உலையில் இல்லை, களத்தில் இருக்கிறது. மாங்காய்ப் பருவம் சில மாதங்களே. உலையோ ஆண்டு முழுவதும் எரிய வேண்டும். ஆகவே பருவத்திலேயே கொட்டையை உடைத்து, பருப்பை நீக்கி, ஓட்டைப் பூஞ்சை பிடிக்காமல் காயவைத்துச் சேமிக்க வேண்டும். வாய்ப்பிருந்தால் இந்தப் பருவத்தில் நூறு கிலோ கொட்டையை வாங்கி, ஓட்டை மட்டும் காயவைத்து எடை போட்டுப் பாருங்கள். கூலியையும் வண்டி வாடகையையும் சேர்த்து ஒரு கிலோ காய்ந்த ஓடு என்ன விலைக்கு நிற்கிறது என்று தெரிந்தபின் எழுதுங்கள். மேற்கொண்டு ஆகும் கணக்கைச் சேர்ந்து போடலாம்.