யூட்டாவின் 89ஆம் நெடுஞ்சாலை: மார்மன் குடியேறிகளின் ஊர்களும் செம்பாறை நிலமும்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியிலிருந்து பிரைஸ் கேன்யன் தேசியப் பூங்காவுக்குக் காரில் செல்லும்போது, மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த குடியேறிகளின் வரலாற்றையும் இயற்கைக் காட்சிகளையும் ஒரே பயணத்தில் பார்க்க இயலுமா, அதற்கு எந்த வழி ஏற்றது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக இயலும். ஆனால் எல்லோரும் விரையும் இன்டர்ஸ்டேட் 15 விரைவுச்சாலையை ஸ்பானிஷ் ஃபோர்க் ஊரில் விட்டுவிட்டு, 6ஆம் நெடுஞ்சாலை வழியாக மலைக்குள் நுழைந்து, 89ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்துக்கு அருகில், 1983இல் பெரும் நிலச்சரிவு ஆற்றை மறித்ததால் நீரில் மூழ்கிய திஸில் என்ற சிற்றூரின் எச்சங்களைச் சாலையிலிருந்தே காணலாம். ஃபேர்வியூ முதல் கனாப் வரையிலான 89ஆம் நெடுஞ்சாலையையும் அதனோடு இணையும் 12, 24ஆம் சாலைகளையும் சார்ந்த பகுதியை, மார்மன் முன்னோடிகளின் தேசிய மரபுப் பகுதியாக அமெரிக்க நாடாளுமன்றம் 2006இல் அறிவித்தது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய மார்மன் சபை, சென்ற இடமெல்லாம் எதிர்ப்பைச் சந்தித்தது. 1844இல் இல்லினாயில் அவர் ஒரு கும்பலால் கொல்லப்பட்ட பிறகு, பிரிகாம் யங் தலைமையில் மேற்கே நடந்தவர்கள் 1847 ஜூலையில் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தனர். பெரும்பாலான வரலாற்றுக் குறிப்புகள் அந்த நெடும்பயணத்தோடு முடிந்துவிடுகின்றன. என் பார்வையில், வந்து சேர்ந்தவர்கள் இந்த வறண்ட நிலத்தில் எப்படிப் பிழைத்தார்கள் என்பதே அதைவிடச் சுவையான கதை. அந்தக் கதை 89ஆம் நெடுஞ்சாலையின் ஓரத்தில்தான் இருக்கிறது.

அதற்கு சான்பீட் பள்ளத்தாக்கில் ஒரு நாளாவது தங்குங்கள். இங்குள்ள மான்டை ஊருக்கு 1849 நவம்பரில் வந்த முதற்குடியேறிகளில் பலர், ஒரு குன்றின் தென்சரிவில் குழி தோண்டி அதற்குள் குளிர்காலத்தைக் கழித்தனர். வெயில் ஏறிய வசந்தத்தில் அதே குன்றின் பாறையிடுக்குகளிலிருந்து கிலுகிலுப்பைப் பாம்புகள் கூட்டம் கூட்டமாக வெளிவந்தன. அந்தக் குன்றிலேயே கல்லை வெட்டி, 1877 முதல் 1888 வரை உழைத்து எழுப்பியதுதான் இன்று பல மைல் தொலைவிலிருந்தே தெரியும் மான்டை ஆலயம். பாலேட்டு நிறச் சுண்ணாம்புக் கல்லாலான அந்தக் கட்டடத்துக்குள் சபை உறுப்பினரல்லாதவர்கள் செல்ல முடியாது. புதுப்பித்த பின் 2024இல் சில வாரங்கள் மட்டும் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். வளாகத்தில் நடப்பதற்குத் தடையில்லை, மாலை வெயிலில் அதுவே போதுமானது.

பக்கத்திலுள்ள எஃப்ரைமிலும் ஸ்பிரிங் சிட்டியிலும் டென்மார்க்கிலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் மதம் மாறி வந்தவர்கள் பெருமளவில் குடியேறினர். ஸ்பிரிங் சிட்டியில் ஊர் முழுவதுமே தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. அங்கே வீடுகளின் அழகை மட்டும் பார்க்காமல் ஊரின் அமைப்பையும் கவனியுங்கள். அமெரிக்க மேற்கில் மற்ற விவசாயிகள் தத்தம் வயல் நடுவே தனித்தனியாக வீடு கட்டி வாழ்ந்தபோது, இவர்கள் சதுரம் சதுரமாகப் பிரித்த ஊருக்குள் ஒன்றாகக் குடியிருந்து, வெளியே இருந்த வயல்களுக்குச் சென்று வந்தனர். மலைப்பனி உருகி வரும் ஓடையைக் கூட்டாகக் கால்வாய் வெட்டித் திருப்பி, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினர். தனி ஆளால் நீரைக் கொண்டுவர முடியாத நிலத்தில் இந்தக் கட்டுப்பாடு இல்லாமல் எந்த ஊரும் நிலைத்திருக்காது என்றே தோன்றுகிறது.

இந்த வரலாற்றின் மறுபக்கத்தை வழியோரப் பலகைகள் எல்லாம் சொல்வதில்லை. வெற்று நிலத்தில் யாரும் வந்து குடியேறவில்லை. அங்கே வாழ்ந்த யூட், பையூட் பழங்குடி மக்களின் வேட்டை நிலத்தையும் புல்வெளியையும் மாடுகளும் வயல்களும் பிடித்துக்கொண்டன. பசியும் நோயும் கசப்பும் சேர்ந்து 1865இல் பிளாக் ஹாக் போராக வெடித்தன. 1866 ஏப்ரலில் சர்க்கிள்வில் ஊரில், குடியேறிகள் தாங்கள் பிடித்துவைத்திருந்த பையூட் மக்களை, பெண்களும் குழந்தைகளும் உட்பட, கொன்றனர். அதற்கான நினைவுச்சின்னம் 150 ஆண்டுகள் கழித்து, 2016இல்தான் எழுந்தது. அதே ஊருக்கு அருகில் கொள்ளையன் புட்ச் கேசிடி வளர்ந்த மரவீட்டைப் பார்க்கவே பலரும் காரை நிறுத்துகிறார்கள். நீங்கள் இரண்டு இடங்களிலும் நிறுத்துங்கள்.

அடுத்து வருவது செங்கல் வீடுகள் நிறைந்த பாங்குவிச். 1864இல் குடியேறியவர்களின் முதல் விளைச்சல் உறைபனியில் கெட்டுப்போனதால், ஏழு ஆண்கள் மலைக்கு அப்பாலுள்ள பரோவனுக்கு மாவு வாங்கப் புறப்பட்டனர். பனி ஆழமாகிப் போகவே வண்டியை வழியில் விட்டுவிட்டு, தாங்கள் கொண்டுசென்ற தடித்த தையல் போர்வைகளைப் பனிமேல் விரித்து, அவற்றின்மேல் நடந்து, பின்னால் கிடப்பதை எடுத்து மறுபடியும் முன்னால் விரித்து மலையைக் கடந்தனர். அதன் நினைவாக ஒவ்வோர் ஆண்டும் ஜூனில் விழா நடக்கிறது.

பாங்குவிச்சுக்குத் தெற்கே 12ஆம் சாலை பிரிகிறது. இந்தச் சாலையின் காட்சிகளைப் பற்றி இணையத்தில் நிறையக் கிடைப்பதால் நான் அதிகம் எழுதவில்லை. இந்தச் சாலைக்கு அருகே கல்தூண்கள் நிறைந்து நிற்கும் பிரைஸ் கேன்யனுக்குப் பெயர் தந்த எபனேசர் பிரைஸ், ஸ்காட்லாந்திலிருந்து வந்த மார்மன் தச்சர். அந்தக் கல்தூண்களுக்கிடையே ஒரு மாடு தொலைந்தால் தேடுவது பெரும்பாடு என்று அவர் சலித்துக்கொண்டதாகச் சொல்வார்கள். இதே சாலையிலுள்ள எஸ்கலான்டே ஊருக்கு அருகிலிருந்து பிரியும் மண்சாலை, 1879இல் மார்மன் குடியேறிகள் சுமார் 250 பேர் மாட்டுவண்டிகளோடு சென்ற பாதை. ஆறு வாரத்தில் முடியும் என்று எண்ணிய பயணம் ஆறு மாதம் நீண்டது. கொலராடோ ஆற்றின் செங்குத்தான பாறைச்சுவரிலிருந்த ஒரு பிளவை வெடிவைத்து அகலமாக்கி, வண்டிகளைக் கயிறு கட்டி இறக்கினர். அந்தச் சாலையின் கடைசிப் பகுதி சாதாரணக் காருக்கு ஆகாது. மழை பெய்தால் முற்பகுதியும் ஆகாது.

12ஆம் சாலை முடியும் டோரியிலிருந்து 24ஆம் சாலையில் கிழக்கே சென்றால், கேப்பிடல் ரீஃப் தேசியப் பூங்காவுக்குள் ஃப்ரூட்டா இருக்கிறது. ஒருசில குடும்பங்களே வாழ்ந்த அந்தக் குடியிருப்பின் பழத்தோட்டங்களைப் பூங்கா நிர்வாகமே இன்றும் பராமரிக்கிறது. பருவத்தில் செர்ரி, ஆப்ரிகாட், பீச், ஆப்பிள் ஆகியவற்றை நீங்களே பறிக்கலாம். தோட்டத்துக்குள் உண்பதற்குக் கட்டணமில்லை, எடுத்துச்செல்வதற்கு மட்டும் பணம் செலுத்த வேண்டும். செம்பாறைச் சுவர்களுக்கு நடுவே அந்தப் பசுமையைப் பார்க்கும்போது சான்பீட்டில் பார்த்த கால்வாய்களின் அருமை புரியும். சற்றுத் தள்ளி, பாறை முகத்தில் ஃப்ரீமான்ட் பழங்குடியினர் பல நூற்றாண்டுகளுக்கு முன் செதுக்கிய உருவங்களையும் தவறவிடாதீர்கள்.

நடைமுறைக்குச் சில குறிப்புகள். சிற்றூர்களில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளும் உணவகங்களும் மூடியிருக்கும். ஆகவே சனிக்கிழமையே பெட்ரோலையும் உணவையும் பார்த்துக்கொள்ளுங்கள். சைவ உணவு உண்பவர்கள் சிறு அடுப்பையும் அரிசியையும் கொண்டுசெல்வது நல்லது. முன்னோடிகள் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்ததைக் கொண்டாடும் ஜூலை 24 மாநில விடுமுறை நாள். ஊர்வலங்களைக் காண விரும்பினால் அந்த வாரம் செல்லலாம், இல்லையேல் வெயிலும் கூட்டமும் குறைந்த செப்டம்பர் இறுதி ஏற்றது. மூன்று நாள்தான் கிடைக்கும் என்றால், தெற்குக் கோடியிலுள்ள கனாபை விட்டுவிட்டு சான்பீட், பாங்குவிச், பிரைஸ், ஃப்ரூட்டா என்ற வரிசையில் சென்று, 24ஆம் சாலை வழியாகவே வடக்கே திரும்பிவிடுங்கள்.